சாலைக்குக் கிழக்கே

அச்சனைக் கிடத்தியிருந்த கட்டிலின் நான்காவது காலுக்கடியில் பிரசன்னா செங்கல்லைத் தள்ளினாள். கூடத்தில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தொம்மி கட்டிலின் விளிம்பைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னொண்ணு வை மோளே. மத்தியானத்துக்குள்ள இன்னும் ஏறும்."

"மழைதான் நேத்தே நின்னுபோச்சே, அச்சாயா."

"மலைத்தண்ணி இப்பத்தானே வருது. வந்தது போக வழி வேணும்ல?"

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அச்சன் சதாசிவப் பணிக்கர் நாற்பது வருடம் வயல்களிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றும் மோட்டாரை ஓட்டியவர். சாலையை ஆறடி உயர்த்தப்போகிறார்கள் என்றதும், தண்ணீர் போக அடியில் மூன்று மதகாவது வேண்டும் என்று மகளிடம் சொன்னார். சாலை அலுவலகத்தில் ஓவர்சியரான பிரசன்னாவும் மூன்று என்றே எழுதினாள். திரும்பி வந்த அறிக்கையில் ஒரே ஒரு குழாய். வெள்ளப் பாதிப்பு இல்லை என்ற வரிக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள். அச்சன் திட்டவில்லை. அதன் பிறகு அவளிடம் சாலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்று காலை அந்தக் குழாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. அச்சன் துரட்டியோடு போய் ஒரு மணி நேரம் இழுத்துப் போட்டார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கட்டன் சாயா கேட்டார். சாயா வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

"பஞ்சாயத்துச் சுடுகாட்டுல இடுப்பளவு தண்ணி" என்றார் தொம்மி. "ஐஸ் பெட்டி கொண்டாரலாம்னா கரண்டு இல்ல."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவரை எங்கயும் கொண்டு போகவேண்டாம். நம்ம தெக்குப் பறம்புலதான்."

வீட்டுக்குத் தெற்கேயிருந்த அந்தப் பறம்பில், மாமரம் நின்ற நிலத்தில், முழங்காலளவு தண்ணீர். சாலைக்கு மேற்கே ஓடும் தோட்டு வாய்க்கால் பாதி காலியாகக் கிடந்தது.

பிரசன்னா தன் அலுவலகப் பொறியாளர் பைஜுவைக் கைபேசியில் அழைத்தாள்.

"கேள்விப்பட்டேன் பிரசன்னா, ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா ரோட்டுல கை வைக்க முடியாது. திறப்பு விழாவுக்குத் தேதி குடுத்தாச்சு."

"ஒரு இடத்துல வெட்டினாப் போதும் சார். நாளைக்கே மூடிடலாம்."

"மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். ரெண்டு நாள்ல தானா வடியும்னு அறிக்கையிலயே இருக்கே. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"என் அச்சனால ரெண்டு நாள் காத்திருக்க முடியாது சார்."

மறுமுனையில் யாரிடமோ கோப்பு கேட்கும் சத்தம். பிறகு தொடர்பு அறுந்தது.

அவள் உடுத்திருந்த முண்டுத்துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் நடந்து சாலைமேல் ஏறினாள். ஒப்பந்தக்காரரின் ஜேசிபி ஓரமாக நின்றிருந்தது. உள்ளே ஷிபு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பீடியை அணைத்தான்.

"இங்க வெட்டு" என்றாள், குழாய்க்குத் தெற்கே கையைக் காட்டி.

"சேச்சி, மழைக்கு முன்னாடிதான் தார் போட்டோம்."

"தெரியும்."

"பைஜு சார் சொன்னாரா?"

"இல்ல. நான் சொல்றேன்."

"நாளைக்கு என் வேலை போயிடும்."

"ஓவர்சியர் சொன்னாங்கன்னு சொல்லு. இரு, போன்ல பதிஞ்சுக்கோ." அவன் கைபேசியை வாங்கி அதில் தன் பெயர், பதவி, நேரம் மூன்றையும் உரக்கச் சொன்னாள். குரல் அலுவலகத்தில் அளவு சொல்லும் குரலாகவே இருந்தது.

ஷிபு அவள் வீட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பினான்.

முதல் வாரலில் தார் அப்பளம்போல் நொறுங்கியது. ஏழாவது வாரலில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் நழுவியது. அதன் பிறகு ஜேசிபிக்கு வேலையே இல்லை. தண்ணீர் கரையைத் தானே தின்றுகொண்டு தோட்டுக்குள் இரைந்து விழுந்தது. பிரசன்னாவின் கைபேசி ஒலித்தது. நின்று, மறுபடியும் ஒலித்தது. அவள் எடுக்கவில்லை.

மூன்று மணி நேரத்தில் தெற்குப் பறம்பின் மேட்டுப் பகுதி வெளியே வந்தது. தொம்மியும் இன்னும் இரண்டு பேரும் சிதைக்காக மாமரத்தில் கோடாலி வைத்தார்கள். அம்மா வாசற்படியில் நின்று இடத்தைக் காட்டினாள்.

அந்த இடத்துச் சேற்றில் விரல் நீளக் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. பிரசன்னா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தண்ணீர் மிச்சமிருந்த பள்ளத்தில் விடத் தொடங்கினாள்.

"மோளே, விறகு அடுக்கணும்" என்றார் தொம்மி.

"இன்னும் கொஞ்சந்தான் அச்சாயா" என்றாள் அவள், நிமிராமல்.