இறங்கத் தெரியாதவள்

சங்கரம்மாளுக்கு ஓரிடத்தில் நிலையாக உட்கார வராது. உலை கொதிக்கும்போதே வாசலுக்கு வருவாள், அருவிக்குப் போகும் பாதையை எட்டிப் பார்ப்பாள், திரும்பிப் போய்க் கரண்டியைப் பிடிப்பாள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறியவள். டாக்டராவேன் என்று சொல்லித் திரிந்த பெண்ணை அவள் அப்பா அத்தோடு நிறுத்தி, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மானேஜராக இருந்த நல்லகண்ணுவுக்குக் கட்டிக்கொடுத்தார். லாட்ஜுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. பிள்ளை இல்லை. டாக்டர் ஆசை மட்டும் எங்கும் போகாமல் கூடவே இருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

நல்லகண்ணுவுக்கும் ஆசைகள் உண்டு, சீசனுக்கு ஒன்றாக. மதுரைக்காரர் ஒருவர் வந்து தங்கினால் சோடாக் கம்பெனி. கோவில்பட்டிக்காரர் வந்தால் தீப்பெட்டி ஆபீஸ். பஸ் முதலாளி ஒருவர் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனதிலிருந்து, தென்காசிக்கும் சுரண்டைக்கும் சொந்த பஸ். சாரல் நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

1958ஆம் வருஷம், மாசி மாதம். சைக்கிளில் வந்த ஒரு பெண் லாட்ஜ் வாசலில் இறங்கித் தண்ணீர் கேட்டாள். பெயர் ஞானசெல்வம் என்றாள். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை, முகமெல்லாம் புழுதி. செம்பைக் கொடுத்துவிட்டுச் சங்கரம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க என்ன வேலை பாக்குதீய?"

"கிராம சேவிகா. ஊரூராப் போயி பொம்பளைகளுக்குப் பிள்ளை வளக்கது, தோட்டம் போடுதது, தண்ணியக் காய்ச்சிக் குடிக்கது எல்லாம் சொல்லிக் குடுக்கணும்."

"அதுக்கு எம்புட்டுப் படிக்கணும்?"

"எட்டாங்கிளாஸ் போதும். அடுத்து ஆள் எடுக்கும்போது மனுப் போடுங்க. ஆனா சைக்கிள் ஓட்டத் தெரியணும்."

அவ்வளவுதான் பேச்சு. ஞானசெல்வம் போன பிறகும் சங்கரம்மாள் வாசலை விட்டு நகரவில்லை. அன்று சோறு குழைந்துபோனது.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். நல்லகண்ணு சிரித்தான்.

"டாக்டராவணும்னு சொல்லிக்கிட்டிருந்த. இப்ப சைக்கிள்ல ஊர் சுத்தப் போறியாக்கும்?"

"டாக்டராவணும்னு நெனச்சா அழுகதான் வருது. சைக்கிள்னா விழுந்து எந்திரிக்கலாம்லா."

"கொஞ்சம் பொறுட்டி. பஸ்ஸ வாங்கிட்டேன்னா நீ எதுக்கு வேலைக்குப் போணும்?"

"சரி. பஸ் வாங்க நாளைக்குக் காலைல என்ன செய்யப் போறீய?"

நல்லகண்ணு வாயைத் திறந்தான். "நாளைக்கேவா?" என்றான். பிறகு எழுந்து கை கழுவினான். மறுநாள் லாட்ஜ் சைக்கிளைப் பூட்டாமல் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான்.

மாசி, பங்குனியில் குற்றாலத்தில் ஆள் இருக்காது. அருவி வற்றிப் பாறையில் ஈரக்கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். லாட்ஜுகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். எண்ணெய் தேய்த்துவிடும் மாடக்கண்ணு தேய்க்க உடம்பு கிடைக்காமல் மரத்தடியில் படுத்திருந்தான். அவனைத்தான் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டாள்.

அது நடுவில் கம்பி போட்ட ஆம்பளை சைக்கிள். ஓடைப் பாலத்துத் திட்டில் ஏறி நின்று, சேலையை இழுத்துச் செருகி, காலைக் கம்பிக்கு அப்பால் போட்டால்தான் அவளால் ஏற முடியும். முதல் வாரம் விழுந்ததுதான் அதிகம். முழங்கை தோல் உரிந்தது. "யக்கா, போதும். அண்ணாச்சி என்னையில்லா ஏசுவாவ" என்று மாடக்கண்ணு கெஞ்சினான். அவள் சைக்கிளை நிமிர்த்திப் பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஒரு நாள் மாடக்கண்ணு கையை எடுத்துவிட்டது தெரியாமலே ஐந்தருவிப் பாதையில் பாதித் தூரம் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் அவன் எங்கேயோ புள்ளியாக நிற்கிறான். அன்றிலிருந்து அடுப்படியில் நிற்கும்போதுகூட அவள் கால் சும்மா இருக்கவில்லை. ஆனால் இறங்குவது மட்டும் அந்தப் பாலத்துத் திட்டில் கால் ஊன்றித்தான். அதை அவளும் பெரிதாக நினைக்கவில்லை.

சித்திரையில் தென்காசியில் ஆள் எடுத்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் சங்கரம்மாள் டக் டக்கென்று பதில் சொன்னாள். பிறகு அதிகாரி, "ஏம்மா, சைக்கிள் ஓட்டிக் காட்டு" என்றார். அங்கே இருந்த ஆபீஸ் சைக்கிளைத் தள்ளிவந்து, படியில் நின்று ஏறிக்கொண்டாள். வளாகத்தை ஒரு சுற்று சுற்றினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா ஓட்டுத. போதும், இறங்கு" என்றார் அதிகாரி.

எங்கே இறங்குவது? படிப் பக்கம் முழுக்கக் கூட்டம். இன்னொரு சுற்று சுற்றினாள். "இறங்கும்மா!" மூன்றாவது சுற்றில் கேட் திறந்திருந்தது, சைக்கிள் அவளைக் கேட்காமலே ரோட்டுக்கு வந்துவிட்டது. எதிரே வைக்கோல் வண்டி. ஒதுங்கிப் போய்ப் புளியமரத்தில் முட்டி விழுந்தாள். ஓடிவந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இறங்கப் பழகிட்டு வாம்மா. அடுத்த தடவை பாக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் குற்றாலம் திரும்பி நடந்ததைச் சொன்னாள். நல்லகண்ணு ஆறுதலாகத்தான் சொன்னான்: "போகட்டும் விடு. நமக்கு எதுக்கு அது?" அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது அவளுக்குக் காதில் சுருக்கென்று தைத்தது.

"நமக்குன்னு சொல்லாதீய. உங்களுக்கு வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

சீசன் வந்தது. சாரலும் கூட்டமுமாக ரோட்டில் நடக்கவே இடமில்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. சங்கரம்மாள் லாட்ஜில் தங்கியவர்களுக்கு வெந்நீர் போட்டாள், ஈரத்துணி காயப்போட்டாள், போகவர அந்தச் சைக்கிளைப் பார்த்தாள். ஓட்டத் தெரிந்தவளால் ஏன் இறங்க முடியவில்லை? ஒரு மத்தியானம் மழையில் நனைந்துகொண்டே சைக்கிள் பக்கத்தில் நின்று தன் காலையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சீட்டு அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. உள்ளே போய் ஸ்பானரை எடுத்துவந்து, துருப்பிடித்த திருகை மல்லுக்கட்டித் திருகிச் சீட்டை அடிவரை இறக்கினாள். உட்கார்ந்து பார்த்தாள். பெருவிரல் தரையைத் தொட்டது.

இத்தனை எளிதா என்று முதலில் கோபம்தான் வந்தது.

ஐப்பசியில் கூட்டம் கலைந்ததும் மறுபடி தொடங்கினாள். ஏறுவதைவிட இறங்குவதையே அதிகம் பழகினாள். பத்தடி ஓட்டுவாள், இறங்குவாள். அடுத்த வருஷம் லாட்ஜ் சைக்கிளிலேயே தென்காசி போனாள்; தேர்வில் அதிகாரி "போதும்" என்று சொல்லி முடிப்பதற்குள் இறங்கி நின்றாள்.

பயிற்சிக்கு மதுரைப் பக்கம் போக வேண்டியிருந்தது. தென்காசி ஸ்டேஷனில் நல்லகண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். "அங்கன எப்படியோ என்னவோ. பிடிக்கலேன்னா வந்துரு" என்றான். பிடிக்காமல் போகாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ரயில் நகர்ந்ததும் அவன் மறையும்வரை கம்பியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் எப்போது போய்ச் சேருவோம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுவிட்டாள்.

பயிற்சி முடிந்து, சுரண்டைக்குக் கிழக்கே சில கிராமங்கள் அவளுக்குக் கிடைத்தன. முதலில் பெண்கள் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். பிறகு மெதுவாகத் திறந்தார்கள். டாக்டரம்மா என்று ஒரு கிழவி கூப்பிட்டபோது, "நான் டாக்டர் இல்ல ஆச்சி" என்று உடனே திருத்தினாள். அப்படிச் சொல்வதில் இப்போது வலி அதிகம் இல்லை. ஆனால் மனசு அடங்கவும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, பழைய கணக்குப் புத்தகம் ஒன்று தேடி வாங்கியிருந்தாள்.

அந்த வருஷம் சீசன் முடிந்ததும் நல்லகண்ணு அவளோடு சில மாதம் இருக்க வந்தான். சுரண்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியவனின் பெட்டியை வாங்கித் தன் சைக்கிள் கேரியரில் கட்டினாள். அவனுக்கு உட்கார இடமில்லை. இருந்திருந்தாலும் ஊர் பார்க்க அவன் உட்கார்ந்திருக்க மாட்டான்.

"நீ ஓட்டு. நான் நடந்து வாரேன்" என்றான்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தாள், சைக்கிள் தள்ளாடியது. அடுத்த மரம்வரை மிதித்துப் போய், இறங்கி நின்றாள். அவன் வந்து சேர்ந்ததும் லாட்ஜ் விஷயம் கொஞ்சம் பேசினான். அவள் தலையாட்டிக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கால் மிதியைத் தேடியது.

"போ, போ" என்றான் நல்லகண்ணு சிரித்துக்கொண்டு. அவள் அடுத்த மரத்துக்குக் கிளம்பினாள்.