எருமையின் திருகாணிகள்

சின்னப்பிள்ளைக்குச் சக்களத்தி என்று ஒருத்தி இருந்தாள் என்றால், அது கொல்லையில் கீற்றுக் கொட்டகைக்குள் நின்ற அந்த ராணுவ ஜீப்தான். தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும். கீழே படகைப் போல இரும்பு வயிறு. பின்னால் தண்ணீரைத் தள்ள ஒரு விசிறி. சண்டை முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது, அவள் கணவன் அடைக்கலம் அதை எடுத்துவந்தான். கோட்டைப்பட்டினம் அதற்கு வைத்த பெயர் எருமை.

"என்ன அடைக்கலம், எருமை பால் கறக்குதா?" என்று கடைத்தெருவில் கேட்பார்கள்.

"கறக்கும், கறக்கும். ஒங்க வள்ளம் ரோட்டுல ஓடுற அன்னிக்கு" என்பான் அவன்.

பர்மா யுத்தத்தில் லாரி ஓட்டியவன். இப்போது அரைவை மில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கிறான். ஆற்றைக் கண்டு லாரிகளெல்லாம் நின்றுவிட்ட ஒரு காலையில், இப்படியொரு ஜீப் மட்டும் தண்ணீரில் இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல அக்கரை ஏறிப் போனதைப் பார்த்தானாம். அன்று பிடித்த பைத்தியம். இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சுதான்.

சின்னப்பிள்ளைக்கோ கடல் என்றாலே பயம். அவளுடைய அண்ணன் ஐயனார் ஒருநாள் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் அலையில் கால் நனைத்ததே இல்லை. அடைக்கலம் ஆலங்குடிப் பக்கத்துக் கடலைக்கொல்லையில் வளர்ந்தவன். நீச்சல் என்பது சுத்தமாகத் தெரியாது.

"ஒரே ஒரு தடவை கரைக்கு வந்து பாரேன். நான் ஓட்டுறதை நீ பார்க்கணும், சின்னப்பிள்ளை."

"நான் வரலைங்க. நீங்க திரும்பி வார சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

அவள் பயத்தை ஆற்றுவதற்காகவே வண்டியின் வயிற்றுக்குள் இருந்ததையெல்லாம் அவளுக்குக் காட்டியிருந்தான். அடியில் இரண்டு ஓட்டைகள். உள்ளே சேரும் தண்ணீர் வடிய அவற்றைத் திறந்துவிட வேண்டும். கடலில் இறங்கும்முன் பித்தளைத் திருகுகளால் அடைக்க வேண்டும். அவன் அவற்றைப் பிளக் என்பான். காதில் தோட்டுக்குப் பின்னால் முடுக்குவதைப் போல இருப்பதால் அவள் திருகாணி என்பாள்.

"வண்டியைக் கழுவினதும் ஒன் திருகாணியைக் கழட்டி ஸ்டியரிங்குல தொங்க விட்டுருவோம். தண்ணி வடிஞ்சதும் நானோ கூட்டாளி நெய்னாவோ மாட்டிருவோம். தொங்குனா ஓட்டை தெறந்திருக்கு. தொங்கலையா, அடைச்சாச்சு. அப்புறம் என்ன பயம்?"

"மறந்துட்டா?"

"அடியில தண்ணி ஏறும். பலகை போட்டிருக்கதால மேல இருக்கவனுக்குத் தெரியாது. தெரியிறப்ப எஞ்சின் நின்னுரும்." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "அதான் ஸ்டியரிங்குல தொங்குதே, எப்படி மறக்கும்?"

ஆயுதபூஜை வந்தது. அடைக்கலமும் கூட்டாளி நெய்னா முகமதுவும் எருமையைக் குளிப்பாட்டி, விளக்குகளில் வாழைக்கன்று கட்டினார்கள். அடைக்கலம் மில்லுக்கு மில் பூஜைக்குப் போய்விட்டான். சின்னப்பிள்ளை வீட்டிலிருந்த பித்தளையையெல்லாம் அள்ளிப் போட்டுப் புளி தேய்த்துத் துலக்கினாள். ஸ்டியரிங்கில் தொங்கிய திருகாணிகளும் கறுத்துக் கிடந்தன. சக்களத்தியின் நகைதானே, அதுவும் மினுங்கட்டும் என்று கழற்றித் தேய்த்தாள். ஸ்பானர், சுத்தியல், அரிவாள்மனையோடு அவற்றையும் பூஜைப் பலகையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் யாரும் தொடமாட்டார்கள். அதுவரை வண்டியும் கிளம்பாது என்பது அவள் கணக்கு.

விஜயதசமி காலை. அவள் குளித்துவிட்டு வந்தபோது கொட்டகை காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு ராக்காயி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, ஒம் புருசன் மாலை போட்ட எருமையை ஓட்டிக்கிட்டுக் கடலுக்குப் போறாரு. நல்ல நாளாம், இன்னிக்கு எறக்குனா வருசம் பூரா ஓடுமாம். தாலி கட்டுன அன்னிக்குக்கூட அந்த மூஞ்சியில அம்புட்டுச் சிரிப்பு இல்லடி!"

சின்னப்பிள்ளையும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். விளக்கை ஏற்றக் குனிந்தாள். பலகையில், நெற்றியில் பொட்டு வைத்த இரண்டு பிள்ளைகளைப் போல, அந்தத் திருகாணிகள் அவளைப் பார்த்தன.

கையிலிருந்த தீக்குச்சி விரலைச் சுட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஸ்டியரிங் வெறுமையாக இருந்திருக்கும். அடைச்சாச்சு, நெய்னா மாட்டியிருப்பான் என்று அவர் ஏறியிருப்பார்.

மறுபூஜையாவது ஒன்றாவது! இரண்டையும் அள்ளிக்கொண்டு, ஈரத் தலையோடு தெருவில் ஓடினாள். முள் குத்தியது. அண்ணனைத் தேடி இதே தெருவில் அம்மா ஓடிய ஓட்டம் கண்ணுக்குள் வந்தது. இல்லை, இன்னும் இறங்கியிருக்க மாட்டார், நெய்னாவோடு பேசிக்கொண்டிருப்பார் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கரையில் சக்கரத் தடம் நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. நங்கூரமிட்ட வள்ளங்களையும் தாண்டி, வாழைக்கன்று ஆட, எருமை மிதந்துகொண்டிருந்தது.

"திரும்புங்க! ஏங்க, திரும்பிருங்க!"

எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவளைப் பார்த்துவிட்டான். எத்தனை நாள் கெஞ்சியும் வராதவள் கரையில் நின்று கையை ஆட்டுகிறாள்! அவன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினான். வட்டமாக ஒரு சுற்று சுற்றிக்காட்டிவிட்டு, இன்னும் உள்ளே போனான்.

அவள் கூப்பிடக் கூப்பிட அவன் தூரமாகப் போனான்.

சின்னப்பிள்ளை கடலுக்குள் இறங்கினாள். சேறு காலை இழுத்தது. பாசி கணுக்காலைச் சுற்றியபோது யாரோ பிடிப்பதுபோல உடம்பு விறைத்தது. நிற்கவில்லை. இடுப்பு, மார்பு, கழுத்து. சேலை கனத்துக் கீழே இழுக்க, பெருவிரல் நுனியில் எம்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். கிழக்கே ஏறிய வெயில் புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் பட்டுத் தெறித்தது.

துண்டு சுழல்வது நின்றது.

அவன் குனிந்தான். பலகையைப் பெயர்ப்பது தெரிந்தது. வண்டி திரும்பியது, ஆனால் அது முன்புபோல் மிதக்கவில்லை. மூக்கு தாழ்ந்து, நிறைமாதக்காரியைப் போல அசைந்தது. வள்ளங்களை நெருங்கும்போது எஞ்சின் இருமி, அடங்கியது. ஒரு சத்தமும் இல்லாமல் எருமை தண்ணீருக்குள் உட்காரத் தொடங்கியது. முதலில் விளக்குகள் மறைந்தன, பிறகு இருக்கை. வாழைக்கன்று மட்டும் மேலே நின்றது. அவனைக் காணவில்லை.

சின்னப்பிள்ளை வாழைக்கன்றை நோக்கி இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தாள்.

"தங்கச்சி, நில்லு! அங்கிட்டுப் போகாதே, பள்ளம்!" அவள் கூச்சல் கேட்டு ஓடிவந்த நெய்னா, ஒரு வள்ளத்தைக் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான். கழியை நீட்டித் துழாவினான். வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் ஒரு கை மேலே வந்தது. பிறகு தலை.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி, இருமி இருமித் தண்ணீரைக் கக்கிக்கொண்டு, அடைக்கலம் அவள் அருகே வந்துசேர்ந்தான்.

"நான்தாங்க எடுத்தேன். தொலக்கி, பூஜையில வச்சேன்..." அவள் பற்கள் கிட்டித்தன.

அவன் அவளையே பார்த்தான். "நீ கடல்ல நிக்கிற" என்றான்.

திருகாணிகளை வாங்கக் கையை நீட்டினான். அவள் விரல்கள் திறக்க மறுத்தன. வீடு வந்து, உலர்ந்த சேலை மாற்றி, ராக்காயி சுக்குக் காப்பி கொடுத்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது.

எருமையை வடம் போட்டு இழுத்துக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து மாட்ட அவனுக்குப் பொங்கல்வரை ஆயிற்று. அதுவரை அவன் கடல் என்ற சொல்லை எடுக்கவில்லை. ஒரு காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்தான். அவள் இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்திருந்த திருகாணிகளை அவிழ்த்துக்கொண்டு போய், வண்டிக்கடியில் படுத்து, தானே முடுக்கினாள். ஸ்பானரால் இன்னொரு தடவை இறுக்கினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு ஏறுற?"

"கரையில நின்னு நான் பார்த்தது போதும். ஓட்டுங்க."

வண்டி தண்ணீரில் இறங்கியது. சின்னப்பிள்ளை காலடிப் பலகையைத் தூக்கி, இருட்டான அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.