கழுகுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் தொப்பி

திங்கட்கிழமை காலை எங்கள் பாலிடெக்னிக்கில் தொழில் நெறிமுறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் உடம்பு சரியில்லாமல் நீர்த்தேக்கக் கரையில் நின்று மீன்கழுகுக்காகக் காத்திருந்தேன்.

உடம்புக்கு என்ன என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. மாலைக்குள் டாக்டரிடம் ஒரு எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத விடமாட்டார்கள். தேர்வு எழுதாவிட்டால் அம்மா என் லென்ஸை விற்றுவிடுவார். கடைசியாகச் சொன்னதுதான் கவலை.

என் இருபுறமும் ஓய்வுபெற்ற அங்கிள்கள் வரிசையாக நின்றார்கள். கழுகு கண்டுகொள்ளாமல் இருக்க, தலை முதல் கால் வரை காட்டு இலை அச்சடித்த உடை. பின்னால் அடுக்குவீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணி எங்களை நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த ஜூமை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? கழுகுக்கு டாட்டா காட்டவா?" என்றார் பக்கத்து அங்கிள்.

முன்னும் பின்னும் இழுக்க முடிகிற லென்ஸ் இங்கே கௌரவக் குறைச்சல். பெரிய மனிதர்கள் இழுக்கவே முடியாத, விலையைச் சொன்னால் மனைவி கோபிக்கிற லென்ஸ்தான் வைத்திருப்பார்கள்.

பொழுது போகாமல் ஜூமை முழு நீளத்துக்கு இழுத்து எதிர்க்கரையைத் துழாவினேன். மரம். மரம். உடும்பு. மஞ்சள் தொப்பி. தொப்பிக்குக் கீழே க்வெக் சார். தொழில் நெறிமுறை நடத்துபவர்; இன்றைக்கு மட்டும் வேறு யாரோ நடத்துகிறார் போல.

அவரிடமும் ஒரு பெரிய லென்ஸ் இருந்தது. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் கேமராவை இறக்கினோம். வெறும் கண்ணுக்கு அவர் ஒரு மஞ்சள் புள்ளி. வேறு யாராவதாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் இருவரும் மறுபடி ஏற்றினோம். வேறு யாருமில்லை.

கழுகு அந்த நேரம் பார்த்துத்தான் இறங்கியது, அதுவும் எங்கள் கரையை ஒட்டி. அங்கிள்களின் பெரிய லென்ஸ்களுக்குள் ஒற்றைச் சிறகுதான் அடங்கியது. நான் ஜூமைச் சட்டென்று பின்னால் இழுத்து அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் க்வெக் சார் கரையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். கேமரா முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு, லென்ஸைக் கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்திருந்தார்.

"நஸ்மி."

"சார்."

"எடுத்தியா?"

காட்டினேன். கழுகின் கண் ஊசி மாதிரி இருந்தது. நகத்தில் மீன். இரண்டு சிறகு நுனியும் உள்ளே. பின்னால், தூரத்தில், குழைந்துபோன ஒரு மஞ்சள் உருண்டை.

"பின்னாடி யாரு?"

"தெரியல சார். யாரோ உடம்பு சரியில்லாதவர் போல."

"எனக்குக் கழுத்துச் சுளுக்கு. நிஜமா. இதைத் தூக்கித் தூக்கி வந்தது. எம்.சி. பையில இருக்கு. உனக்கு?"

"காய்ச்சல்னு வச்சிருக்கேன் சார்."

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். துக்கச் செய்தி சொல்லும் குரலில், "நல்லா இருக்கப்பா" என்றார். "டாக்டர்கிட்ட பொய் சொல்லக் கூடாது. மூணாவது பாடம்."

"அன்னிக்கு நான் வரல சார்."

"தெரியும்."

படத்தை மறுபடி பார்த்தார். "மூணு மாசமா வர்றேன். இன்னிக்கு உன்னைப் பாத்துக்கிட்டே கழுகை விட்டுட்டேன்." பார்வை என் ஜூமுக்கு நகர்ந்தது. "இவ்வளவு கிட்ட வந்தா என்னோடதுல அடங்காது. அதைக் குடு. இதைப் பிடி."

பிடித்தேன். அரிசி மூட்டைக்குக் கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது.

"இறக்காத. அந்தப் பட்ட மரத்தையே குறி வச்சு நில்லு."

"எவ்வளவு நேரம் சார்?"

"தோள் நிஜமா வலிக்கிற வரைக்கும். அப்புறம் டாக்டர்கிட்ட போ."

இது நாலாவது பாடமாக இருக்கலாம். அன்றைக்கும் நான் போகவில்லை.

"முழங்கையை உடம்போட ஒட்டாத தம்பி," என்றார் பக்கத்து அங்கிள், அக்கறையோடு. "ஒட்டினா வலி வர லேட்டாகும்."

கழுகு அவசரப்படவில்லை. அங்கிள்கள் காப்பி குடித்து, நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்து, மடித்தும் போட்டுவிட்டார்கள். முதலில் கை நடுங்கியது, பிறகு தோள். அதற்கப்புறம் கை இருப்பதே தெரியவில்லை. அப்போதுதான் கழுகு மறுபடி இறங்கியது. என் விரல் அசையவில்லை. பக்கத்தில் என் ஜூம் சாரின் கையில் படபடவென்று பொரிந்தது.

கிளினிக்கில் டாக்டர், "கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். எனக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் வெளியே காத்திருந்த குழந்தை அழ ஆரம்பித்தது.

"ரெண்டு நாள் எம்.சி. தர்றேன். கனமா எதையும் தூக்காதீங்க."

இவ்வளவு நேர்மையான எம்.சி. நான் வாங்கியதே இல்லை. வெளியே வந்து இடது கையால் அதைப் படம்பிடித்துச் சாருக்கு அனுப்பினேன். பதிலாக ஒரு கழுகு வந்தது. மீன், கண், இரண்டு சிறகு நுனி. பின்னால் வெறும் தண்ணீர்.

கீழே எழுதியிருந்தார்: "வருகைப் பதிவு சரியாயிடும். நாளைக்கு நீ நல்லா ரெஸ்ட் எடு. ஜூம் என்கிட்டயே இருக்கட்டும்."