அண்ணன் மாட்டிக் கொடுத்த ஏசி

மகளின் அறையில் பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. ஏசிக்கு அடியில் ஆரம்பித்துக் கட்டில் தலைமாடு வரை பூசணம் இறங்கியிருந்தது. சிட்டுவுக்குக் கொஞ்ச நாளாகவே மூச்சு இளைப்பு. டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டுல எங்கயாவது ஈரம் இருக்காம்மா?" என்றுதான்.

ஏசி மெக்கானிக்கைத் தேடி நான் எங்கே போவது? கூடப்பிறந்த அண்ணனே ஏசி மெக்கானிக். மருமகளுக்கு என்று புத்தம்புது ஏசி கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தவன். கூப்பிட்டதும் ஓடி வந்தான். என்னை டீ போட அனுப்பிவிட்டு ஸ்டூலில் ஏறினான். நான் டீயோடு வருவதற்குள் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏசில ஒண்ணுமில்ல மாப்பிள்ள," என்றான் என் வீட்டுக்காரரிடம். "தங்கச்சி ஈரத்துணிய ரூமுக்குள்ளயே காயப்போடுறா. பூசணம் பூக்காம ரோசாவா பூக்கும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் நான்தான் குற்றவாளி. துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைந்தேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்த்ததில் கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். பூசணம் போவேனா என்று மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. சிட்டு மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் வீட்டுக்காரர் துணிக்கொடியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். வாயைத் திறந்து திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன்.

இன்று காலை சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிடரியில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். அங்கே எந்தத் துணியும் தொங்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறினேன். மெக்கானிக்கின் தங்கைக்கு இதுகூடவா தெரியாது?

மூடி கையோடு வந்தது. உள்ளே தண்ணீர் பிடிக்கும் தட்டில் நீளமாக ஒரு விரிசல். அதன் மேல் கறுப்பு டேப். டேப்பின் நுனியை, பிறகு பிரிக்க வசதியாக, காது மாதிரி மடித்து விட்டிருந்தது. உலகத்திலேயே அப்படி டேப் ஒட்டுகிறவன் ஒருத்தன்தான். என் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுத் தந்தபோதும் அப்படித்தான் ஒட்டுவான். மூடியின் ஓரமெல்லாம் பச்சைப் பெயிண்ட் தெறித்திருந்தது. எங்கள் வீட்டில் எந்தச் சுவரும் எந்தக் காலத்திலும் பச்சையாக இருந்ததில்லை. யார் வீட்டிலிருந்தோ கழற்றிய பழைய ஏசி அது.

விரிசலைப் பார்த்திருக்கிறான், டேப் ஒட்டியிருக்கிறான், இறங்கி வந்து பழியை என் தலையில் கட்டியிருக்கிறான். பாவி!

போன் போட்டேன். வந்தான். கழற்றிக் கிடந்த மூடியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. ஹாலில் வீட்டுக்காரர் சிட்டுவை மடியில் வைத்து மருந்து இழுக்க வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மெல்ல அறைக் கதவைச் சாத்தினான்.

"புதுசுன்னு சொல்லிக் குடுத்துட்டேன்மா. பழசுன்னு தெரிஞ்சா மாப்பிள்ள முன்னாடி என் மானம் என்னாகுறது?"

"அதுக்கு என் மானத்த வாங்குனியா?"

"நீ என் தங்கச்சி. நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

"நான் தாங்கிக்குவேன். புள்ளைக்கு மூச்சு வரலையேண்ணா!"

"டேப்பு நிக்கும்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினான். "வேற ஒண்ணு மாட்டித் தர்றேன். மாப்பிள்ளகிட்ட மட்டும் சொல்லிடாத. என் கண்ணுல்ல?"

வெளியே சிட்டு இருமுவது கதவைத் தாண்டிக் கேட்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் மானத்துக்காகவா இத்தனை நாள் நான் பழி சுமந்தேன்?

கதவைத் திறந்தேன்.

"ஏங்க, சிட்டுவ அங்கயே உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் இங்க வாங்க. எங்கண்ணன் மாட்டிக் குடுத்த ஏசிய வந்து பாருங்க."

வீட்டுக்காரர் எழுந்து வரும் சத்தம் கேட்டது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கூடப்பொறந்தவளே இப்படிக் காட்டிக் குடுக்கலாமா?" என்றான், நிஜமாகவே மனம் நொந்து.