நூற்றுப் பதினெட்டாவது படி

தையல் மெஷின் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. சரக்கு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பதினோரு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள் அதன் எதிரே உட்கார்ந்து, திரையில் நீலக் கோடு நகர்வதற்குக் காத்திருந்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சர்வர் அக்கா.

அந்த ஒரு பெட்டிக்குள் மென்பொருளாலேயே நான்கு போலிக் கம்ப்யூட்டர்களை உருவாக்கியிருந்தாள். ஒன்று தலைமை, எல்லோருடைய பெயரும் பாஸ்வேர்டும் அதனிடம். மற்ற மூன்றும் குமாஸ்தாக்களுடையவை போல. இதைக் கேட்டபோது அவள் கணவன், "நாலு பேரு குடியிருக்காங்க, ஒருத்தராவது கரண்ட் பில் கட்டுவாங்களா?" என்றான்.

புது விண்டோஸ் சர்வருக்கு மாறுவதற்குமுன் வீட்டில் ஒத்திகை பார்க்கச் சொன்னவர் மேனேஜர். ஒத்திகைக்குத் தனி மெஷின் வாங்கித் தரமாட்டார்களாம். ஒவ்வொரு படியையும் எழுதி வைக்கவும் சொன்னார், நாளைக்கு யார் வந்தாலும் படித்துவிட்டுச் செய்கிற மாதிரி. நம்மை நம்பித்தானே கேட்கிறார் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் சனிக்கிழமை முழுக்கக் குமாஸ்தா மெஷின்களுக்குத் தலைமை கண்ணிலேயே படவில்லை. அவை வீட்டு இன்டர்நெட் ரௌட்டரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தன. தலைமை எங்கே இருக்கிறதென்று அதற்கு என்ன தெரியும்? அந்தத் தப்பையும் மறைக்காமல் எழுதினாள். நாற்பத்திரண்டு பக்கம் ஆகிவிட்டது.

இன்று காலை மேனேஜரிடமிருந்து கடைசி வேலை வந்தது: அடுத்த மாதத்துக்கான ஆட்கள் பட்டியல். அதில் இல்லாதவர்களின் கணக்கை முடக்க வேண்டும். அதற்கான நிரலை எழுதி ஓட்டினாள். எழுபத்தொன்றில் ஒன்பது முடங்கின. அவளுக்குத் தெரிந்து ஓய்வுபெற்றவர்கள் இரண்டே பேர்தான்.

திரை சரி என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். குமாஸ்தா மெஷினில் தன் அன்றாடக் கணக்கில் நுழைந்து பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. பாஸ்வேர்டை அடித்தாள்.

உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. நிர்வாகியை அணுகவும்.

நிர்வாகியே அவள்தான். எங்கோ எழுத்துப்பிழை என்று நினைத்து, எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பி, வரி வரியாகப் பார்த்து, மறுபடி ஓட்டினாள். அதே ஒன்பது. பிறகுதான் பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தேடினாள். இல்லை.

போன் அடித்தது. மேனேஜர்.

"ஓடிச்சாம்மா?"

"ஓடிச்சு சார். லிஸ்ட்ல யாராவது விட்டுப்போச்சா?"

"இல்லையே. மேலேருந்து வந்தது. நானே சரிபாத்துட்டேன்." கொஞ்சம் இருமினார். "புதன்கிழமை ஆபீஸ்லயும் நீங்களே ஓட்டிடுங்க. வேற யாரு கை வச்சாலும் சொதப்பிடும். அந்தப் புஸ்தகத்தையும் முடிச்சுக் குடுத்துடுங்க."

சரி என்றாள்.

சமையலறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்து, முடிந்ததா என்று கேட்டான். இன்னும் ஒரு படி பாக்கி என்றாள்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். நூற்றுப் பதினெட்டாவது படி: முடக்கப்பட்ட ஒருவரின் பெயரில் நுழைய முயன்று, அனுமதி மறுக்கப்படுவதை உறுதி செய்யவும். உதாரணத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. தன் பெயரை அடித்து, எழுத்துக்கள் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டுமுறை பார்த்தாள்.