ஐந்தரை மணி நேரம்

காகிதத்தை மேசைமேல் வைத்த விதத்திலேயே, வந்தவர் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரிப் பதிவறை குமாஸ்தா ஹரிராமுக்குத் தெரிந்துவிட்டது.

"இது உங்க ஆஸ்பத்திரியில குடுத்ததுதானே?"

இறப்பு அறிக்கையின் நகல். பஞ்சாபகேசன், வயது அறுபத்தேழு. தேதி போன வருஷம், 2002 ஜூலை. இறந்த நேரம் காலை 3.50. கீழே முத்திரை, ஹரிராமின் கையெழுத்து.

"ஆமா சார். போன மாசம் பென்ஷன் வேலைக்குன்னு வாங்கிட்டுப் போனீங்க."

"அன்னிக்கு நர்ஸ் எங்ககிட்ட சொன்னது ஒன்பது இருபது. இதுல மூணு அம்பது. எது நெஜம்?"

கேட்டவர் இறந்தவரின் மகன் பத்ரி. பின்னால் நாற்காலியில் அவர் அம்மா விஜயம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தல்லாகுளம் சாலையில் பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற வாரம் அப்பாவுக்கு வருஷாப்திகம், முதல் வருஷத் திவசம்" என்றார் பத்ரி. "உயிர் போன நேரத்துல என்ன திதியோ, அந்தத் திதியிலதான் பண்ணணும். அன்னிக்குக் காலம்பற ஆறேகால் வரைக்கும் நவமி, அதுக்கப்புறம் தசமி. இத்தனை மாசமா மாசத் திதியெல்லாம் தசமியிலதான் பண்ணிண்டு வரோம். இந்தப் பேப்பரைப் பாத்துட்டு, திவசம் பண்ணி வைக்கற வாத்தியார் அத்தனையும் தப்புங்கறார்." குரல் இறங்கியது. "இன்னொண்ணும் இருக்கு. இது நெஜம்னா, அப்பா போய் அஞ்சரை மணி நேரம் யாருக்குமே தெரியல. அம்மா பக்கத்துல ஸ்டூல்ல தூங்கிண்டிருந்திருக்கா."

விஜயம் திரும்பவில்லை.

அஞ்சரை என்ற சொல்லைக் கேட்டதுமே ஹரிராமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கணினியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆஸ்பத்திரியின் மென்பொருளைச் செய்த கம்பெனி அதை வெளிநாட்டுக்கும் விற்றது. எந்த ஊரில் வைத்தாலும் கணக்கு உதைக்கக் கூடாது என்று, எல்லா நேரத்தையும் லண்டன் பக்கத்து கிரீன்விச் நேரமாகவே அது உள்ளே சேமித்தது. திரையில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி மதுரை நேரமாக்கிவிடும். ஆகவே திரையில் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நகல் அச்சிடும் நிரலை மட்டும் ஹரிராம் எழுதினான். என்ஜினீயரிங்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன், தானே படித்துத் தானே எழுதியது. உள்ளே இருந்ததை எடுத்து அப்படியே அச்சிட்டான். கூட்ட மறந்துவிட்டான். சோதித்துப் பார்த்தபோதும், யார் எப்போது செத்தார் என்று தனக்குத் தெரியாத பழைய பதிவுகளை வைத்தே சோதித்திருந்தான். தேதி தனிக் கட்டத்தில் இருந்ததால் அதில் கோளாறு இல்லை. பாங்குக்காரனும் பென்ஷன்காரனும் தேதியை மட்டும்தான் பார்ப்பார்கள்.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று மாடி ஏறினான்.

வார்டில் நர்ஸ் மலையம்மாள் ஊசி மருந்தை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று பணியில் இருந்தவள் அவள்தான்.

"என்னா தம்பி, அம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டர வச்சிக்கிட்டு எங்கிட்ட வந்து மணி கேக்குற?" என்றாள். ஆனாலும் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். "எட்டே முக்காலுக்கு பி.பி. பாத்திருக்கேன். உசுரோட இருந்தாரு. அந்தம்மா அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு கீழ போச்சு. ஒம்பது பத்துக்கு வந்து பாக்குறேன், முடிஞ்சிருச்சு. டாக்டர் வந்து சொல்லி நான் கம்ப்யூட்டர்ல ஏத்துனது ஒம்பது இருவது. ஏன், என்ன தப்பாப் போச்சு?"

"நான்தான் தப்பு பண்ணிட்டேன்க்கா."

கீழே வந்து பத்ரியிடம் சொன்னான். ஒன்பது இருபதுதான் சரி, அச்சில் பிழை, பிழை தன்னுடையது. பத்ரி திட்டுவார் என்று நின்றான். பத்ரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எதுக்கும் வாத்தியார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு வரேன்" என்று செல்போனோடு வராந்தாவுக்குப் போனார்.

விஜயம் எழுந்து மேசைக்கு வந்தாள்.

"இதை இப்படியே விட்டுட முடியாதாப்பா?"

ஹரிராமுக்கு விளங்கவில்லை. "எதை அம்மா?"

"மூணு அம்பதை." மெதுவாகத்தான் பேசினாள். "அவர் தூங்கறார்னு காபி வாங்கக் கீழே போனேன். ஒரே கூட்டம். ரெண்டு பேர் முன்னால போகட்டும்னு விட்டுட்டு நின்னேன். திரும்பி வரச்சே கட்டிலைச் சுத்தித் திரை போட்டிருந்தா. கிட்டத்தட்ட ஒரு வருஷம் இதையே நெனச்சிண்டிருந்தேன். அப்புறம் நீ குடுத்த பேப்பர் வந்தது. மூணு அம்பதுன்னா நான் அவர் பக்கத்துல இருந்திருக்கேன். தூங்கியிருந்தாலும் கை அவர் மேலதான் இருந்தது. பத்ரி கத்தினான். கத்தட்டும். இந்த ஒரு மாசம்தான் நான் ராத்திரி கண் மூடினேன்."

 அச்சிடும் பட்டனுக்குப் பக்கத்தில் ஹரிராமின் விரல் இருந்தது. அழுத்தாமல் இருந்துவிடுவது சுலபம்தான்.

"திதி மாறிப் போயிரும்மா" என்றான்.

"தெரியும்."

 எட்டே முக்காலுக்கு அவர் உயிரோடு இருந்தார் என்று மலையம்மாள் சொன்னதை அவன் சொல்லவில்லை.

பத்ரி உள்ளே வந்தார், போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே. "வாத்தியார் லைன்ல இருக்கார். தீர்மானமா ஒண்ணு சொல்லணுமாம். நவமியா, தசமியா?"

ஹரிராம் வாயைத் திறந்தான். விஜயம் முந்திக்கொண்டாள்.

"தசமிடா. ஒன்பது இருபது. நான் அப்போ கீழே இருந்தேன்."

பத்ரி போனில் அதையே சொன்னார்.

ஹரிராம் புது நகலை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, பழையதைக் கேட்டு வாங்கி அங்கேயே கிழித்தான். ஆஸ்பத்திரி விதி அது. விஜயம் கிழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமேலாவது பாத்துப் போடுங்கோ" என்றார் பத்ரி.

அவர்கள் கிளம்பினார்கள். வாசல் படியில் பத்ரி அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கையை விலக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.