வெளிர் மீன் ஜோடி

யுத்தம் முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மாமா கொடுத்த சண்டை மீன் ஜோடியைத் தனித்தனி ஜாடியில் போட்டு, வெரோனிகா தன் சிநேகிதி ஆனியின் சாந்தோம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரண்டுக்கும் வெளிறிய உடல், சிவந்த துடுப்புகள்.

"இதுங்களுக்குக் கறுப்புக் குஞ்சும் பொறக்குமா?" என்று கேட்டார் ஆனியின் சித்தப்பா வால்டர்.

வெரோனிகா விலங்கியல் படித்தவள். ஆனால் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"பொறக்காது அங்கிள். ரெண்டும் வெளிர் ஆச்சே. கறுப்பா ஒண்ணு வந்தா, வேற ஆண் மீன் உள்ளே பூந்துடுச்சுன்னு அர்த்தம்."

வால்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களா அண்ணி? காலேஜே சொல்லுது!" அவர் கண் ஆனியின் மேல் போய் நின்றது.

காபித் தட்டோடு வந்த ஆனியின் அம்மா பியாட்ரிஸ் அப்படியே நின்றுவிட்டாள். அவளும் நல்ல நிறம், அவள் புருஷனும் நல்ல நிறம். ஆனி மட்டும் கறுப்பு.

"மனுஷங்களுக்கு இது பொருந்தாது ஆன்ட்டி," என்று வெரோனிகா பதறினாள். "நம்ம நிறம் ஒரே காரணத்தால வர்றதில்லை..."

"மனுஷங்களைப் பத்தி இங்க யாரும்மா பேசினா?" என்றார் வால்டர்.

அதுவரை வெறும் பார்வையாக இருந்த சந்தேகத்துக்குத் தானே வார்த்தை கொடுத்துவிட்டது வெரோனிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பியாட்ரிஸ் தட்டை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

வழக்கமாக டிராம் நிற்கும் இடம் வரை கூட வருகிற ஆனி, அன்று வாசல் கேட்டோடு நின்றுகொண்டாள்.

"நிஜமாவே பொருந்தாதாடி?" என்று மெல்லக் கேட்டாள்.

"சத்தியமா பொருந்தாது."

அது உண்மைதான். ஆனாலும் வெரோனிகாவால் அதை ஆனியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.